தாய் இல்லை என்று சொன்னவருக்கு

இன்று காலை பருத்தித்துறை ஆசுப்பத்திரியில் புதிய கார்பாலிக் சவர்க்காரம் வந்திறங்கியது. ஒரு கட்டியை எடுத்துக் கை கழுவினேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் குரலும் கூடவே வந்துவிட்டது. "பிள்ளை, முழங்கை வரைக்கும் தேய்க்கவேணும்." நீங்கள் இறந்த பிறகும் என் கையைக் கழுவ வைப்பவர் நீங்கள்தான் என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது.

நேற்று உங்கள் தம்பியார் வந்திருந்தார். அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்க அச்சிடும் கல்வெட்டில், அந்த நினைவுப் புத்தகத்தில் சேர்க்க, உங்களோடு வேலை செய்தவள் என்ற முறையில் நாலு வரி எழுதித் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவர் நல்ல மனிதர், முகம் வாடிப் போனார். அவருக்குச் சொல்லாததை உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் மலாயாவிலிருந்து திரும்பிப் புத்தூரில் எங்கள் சங்கத்துக்குத் தலைவியாக வந்தது இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முன்னைய காலம். சந்திக்குப் பக்கத்தில் வாடகை வீடு. பால் கொடுக்கும் தாய்மாருக்குக் காலையில் கஞ்சி, சுகமில்லாத பிள்ளைகளுக்கு மருந்து, புருஷன் பெண்சாதி சண்டை பிடித்தால் இரண்டு பக்கமும் கதைத்துச் சேர்த்து வைப்பது, இவ்வளவுதான் சங்கத்தின் வேலை. நான் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கும் மருத்துவத்தாதி, ஊரார் சொல்வதுபோல் மிசி. அதுவரை அங்கே ஒழுங்கென்று ஒன்றும் இருக்கவில்லை. பெண்கள் பாயில் குந்தியிருந்து கதைத்துக்கொண்டே கஞ்சி குடிப்பார்கள். பிள்ளைகள் காலுக்குள் தவழும்.

நீங்கள் வந்த மாதமே பாய்கள் போய், இருப்பதற்கு நீள மர வாங்குகள் வந்தன. தண்ணீர் கொதிக்க வைத்தோம். வயிற்றோட்டம் குறைந்தது. அதை நான் மறுக்கவில்லை. உங்களை மெச்சிக்கொண்டுதான் அந்த வருடத்தின் முதற் பாதியைக் கழித்தேன். ஒரு நாள் வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "குருநகர்க் கடற்கரைப் பிள்ளை எண்டாலும் நல்ல துப்புரவு" என்றீர்கள். அதைக்கூடப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு நீங்கள் தாய்மாரைத் தரம் பிரிக்கத் தொடங்கினீர்கள். யார் பிள்ளை வளர்க்கத் தகுந்தவள், யார் தகாதவள் என்று. தகாதவளின் பிள்ளையை ஒரு நல்ல வீட்டில் சேர்த்துவிட்டால் அது சாப்பிடும், படிக்கும், மனிதராகும் என்று கூட்டத்தில் பேசினீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அங்கே இருந்தேன். நல்ல வீடு என்று நீங்கள் சொன்னது வேலைக்காரப் பிள்ளை தேடிக்கொண்டிருந்த வீடுகளை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அன்னத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெங்காயத் தோட்டங்களில் புல்லுப் பிடுங்குகிறவள். புருஷன் வேலை தேடிக் கண்டிப் பக்கம் போனவன் திரும்பவில்லை. ஒரே மகள் பவளம். அன்னத்துக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது நான்தான் மாட்டுவண்டி பிடித்து அவளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தான் சுகமாகி வரும் வரைக்கும் மகளைச் சங்கத்தில் வைத்திருக்கச் சொல்லி அவள் உங்கள் கையில்தான் ஒப்படைத்தாள். நீங்கள் பவளத்தின் தலையைத் தடவி ஓம் என்றீர்கள்.

அன்னம் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது பிள்ளை இல்லை. பட்டினத்தில் பெரிய இடத்தில் இருக்கிறாள், படிக்கிறாள் என்றீர்கள். எந்த இடம் என்று கேட்டாள். தாய் போய் நின்றால் பிள்ளையின் மனம் குழம்பும் என்று சொல்லி மறுத்துவிட்டீர்கள். அவள் வாசலில் நின்று அழுதாள். வாங்கில் இருந்த மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டதை நான் கண்டேன். நீங்கள் காணவில்லை.

நான் எத்தனையோ முறை கேட்டும் நீங்கள் சொல்லவில்லை. கடைசியில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போன வாடகைக் கார்க்காரர்தான் சொன்னார், அது கோட்டில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியாரின் வீடு என்று. தனக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், மனம் கேட்கவில்லை என்றார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு அன்னத்தைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன்.

அந்த வீட்டு அம்மா எங்களை விறாந்தையில் மரியாதையாகத்தான் இருத்தினா. பவளத்தின் தாய் வந்திருக்கிறா என்று நான் சொன்னதும் அவ திகைத்துப் போனா.

"தாயோ? தாய் காய்ச்சலிலை செத்துப்போச்சு எண்டுதானே உங்கடை தலைவியம்மா சொன்னவ."

அந்த நேரம் பவளம் கிணற்றடியிலிருந்து ஈரத்துணிகளைச் சுமந்துகொண்டு வந்தாள். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தாயைக் கண்டு ஓடி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. தூணோடு ஒட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா, நீ சாகேல்லையே?"

அன்னம் எழுந்து போய் அந்தத் துணிகளை எடுத்து விறாந்தை வாங்கின் மேல் வைத்தாள். "இல்லை மோனை. வா, போவம்" என்றாள். நாங்கள் நடந்து வெளியே வந்தோம். யாரும் தடுக்கவில்லை. பஸ்ஸில் பவளம் தாயின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் கூட்டம் கூட்டினீர்கள். நீங்கள் மறுப்பீர்கள், கார்க்காரர் மேலோ அந்த வீட்டார் மேலோ பழி போடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் மறுக்கவே இல்லை.

"தாய் இருக்கிறாள் எண்டு தெரிஞ்சால் அந்தப் பிள்ளை அங்கை நிண்டிருக்குமே? அதின்ரை நன்மைக்குத்தான் அப்பிடிச் சொன்னனான். நீர் அதைக் குழப்பிப் போட்டீர். நாளையிலிருந்து வரவேண்டாம்."

குரல் உயரவில்லை. உங்களுக்குக் கொஞ்சமும் கூச்சம் இருக்கவில்லை. மேசையைச் சுற்றி இருந்த பெரியவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். தாய்மார் வரவில்லை. காய்ச்சலோடு பிள்ளையை வீட்டில் வைத்திருந்தார்களே ஒழியச் சங்கத்தின் படலையைத் திறக்கவில்லை. கஞ்சி ஆறிப் புளித்தது. மாரி முடிவதற்குள் வீட்டைப் பூட்டித் திறப்பை உரியவரிடம் கொடுத்தீர்கள். நன்றி கெட்ட சனம் என்று சொன்னீர்களாம். அந்த மாரியில் வயிற்றோட்டம் திரும்ப வந்தது. நான் கையில் இருந்த மருந்தோடு புத்தூரிலும் நீர்வேலியிலும் வாழைத் தோட்டங்களுக்குள்ளால் நடந்து திரிந்தேன். எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர முடியவில்லை.

உங்கள் தம்பியார் நேற்று ஒரு விஷயம் சொன்னார். மலாயாவில் உங்களுக்கும் ஒரு மகள் இருந்தாளாம், சிறு வயதிலேயே போய்விட்டாளாம். கல்வெட்டில் அதை எழுதினால் வாசிப்பவர்களின் மனம் இளகும் என்றார். எனக்கும் ஒரு கணம் இளகியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தால் என்ன செய்யும் என்று தெரிந்த நீங்களே அன்னத்துக்கு அதைச் செய்தீர்கள் என்று நினைத்தபோது, இருந்த இரக்கமும் போய்விட்டது.

கடைசியாக உங்களைக் கண்டது பட்டினத்து பஸ் நிலையத்தில். யுத்த காலம். மெலிந்திருந்தீர்கள். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், நீங்களே கிட்ட வந்தீர்கள்.

"அந்தப் பிள்ளை இப்ப என்ன செய்யுது?"

பவளம் பள்ளிக்கூடம் போகவில்லை. தாயோடு தோட்டத்துக்குத்தான் போனாள். தாய் கண்ணுக்குத் தெரியாவிட்டால் நெடுங்காலம் அவளுக்கு உடம்பு நடுங்கும். இதையெல்லாம் உங்களிடம் சொன்னால், பார்த்தீரா, நான் சொன்னது சரிதானே என்பீர்கள். அல்லது அழுவீர்கள். இரண்டுக்கும் நான் இடங்கொடுக்க விரும்பவில்லை.

"தாயோடை இருக்கிறாள்" என்றேன்.

நீங்கள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தீர்கள். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், தொட்டிலில் இருக்கும் பிள்ளையைத் தொடுவதற்கு முன் தாயின் பெயரைக் கேட்கிறேன். அவள் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறேன். சில வேளை அவள் சொல்வது பிழையாகவும் இருக்கும். இருந்தாலும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் இதை யாரிடம் பழகினீர்கள் என்று கேட்பதுண்டு. உங்கள் பெயரை நான் சொல்வதில்லை.