லடாய்னா வாயோட சரி

மாமா,

இன்று சிதம்பரம் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் விரலைக் கிழித்துக்கொண்டார். பஞ்சில் டிஞ்சர் ஊற்றிய வாசனை வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மாரடைப்பில் நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. அந்த வாசனை வந்தால் இன்னும் உங்கள் நெற்றிதான் தெரிகிறது.

செம்மண்டலத்தில் அக்காவும் நீங்களும் ஒரு வீடு, ஒட்டினாற்போல் நான் ஒரு வீடு. என் மாடித் தண்ணீர் உங்கள் வாசலில் கொட்டுகிறதென்று அந்த மழைக்காலம் முழுக்க வாய்த்தகராறு. “தெனம் ஒரு லடாய் போடலன்னா ரெண்டு பேருக்கும் சோறு எறங்காது” என்பாள் அக்கா. உங்கள் நெற்றி உடைந்த அன்று அவள் ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தாள்.

“கொழாயத் திருப்பி வய்யி மச்சான், எத்தினி வாட்டி சொல்றது” என்று என் தோளைத் தொட்டீர்கள். நான் பிடித்துத் தள்ளினேன். கேட் கம்பியில் நெற்றி மோதி ரத்தம் வழிந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதே போலீஸ்காரர் வந்துவிட்டார். எனக்கு அரசு வேலை தேர்வாகி, போலீஸ் விசாரணை மட்டும் பாக்கியிருந்த நேரம். வழக்கு விழுந்தால் வேலை போய்விடும். அது உங்களுக்கும் தெரியும்.

“அடிச்சது யாரு?”

“யாரும் அடிக்கல சார். மச்சானுக்கும் எனக்கும் சின்ன லடாய். கோவத்துல திரும்புனேன், கேட்ல இடிச்சிக்கிட்டேன்.”

“லடாய்னா? கைகலப்பா?” அவர் என் சட்டையிலிருந்த ரத்தத்தையே பார்த்தார்.

“இல்ல சார். லடாய்னா வாயோட சரி. அடுத்த வேள சோத்துக்குள்ள மறந்துடும். கை நீண்டா அதுக்குப் பேரு வேற.”

அவர் எழுதி முடிக்கும்வரை நான் உங்கள் பக்கம் திரும்பவில்லை.

ஆட்டோவில், “மாமா, நான்தான...” என்று ஆரம்பித்தேன்.

“அங்க சொன்னது அவருக்கு. அது லடாய் இல்லன்னு ஒனக்குத் தெரியும்.” அதோடு வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

மறுநாள் குழாயைத் திருப்பினேன். வேலையும் கிடைத்தது. அதன்பிறகு நீங்கள் என்னிடம் ஒரு லடாய்கூடப் போடவில்லை. எதற்கும் “சரி” என்றீர்கள். ஏதாவது சொல்லித் திட்டமாட்டீர்களா என்று வேண்டுமென்றே உங்கள் வாசலை மறித்து வண்டியை நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் சுற்றிக்கொண்டு போனீர்கள்.

போன வாரம் உங்கள் படத்தைத் துடைத்தபடி அக்கா சொன்னாள்: “எதுருல கேட் இருக்கறதுகூடத் தெரியாம, இந்த மனுஷனுக்கு அப்பிடி என்னதான் கோவமோ.”

“ஆமாங்க்கா” என்றேன்.

அந்த ஆமாமோடுதான் மாமா, தினமும் பஸ் ஏறுகிறேன்.