உன் மீசை பிழைத்த கதை

கோபக்கார நண்பனுக்கு,

அணுக்கரு இணைவு உலையின் உள்சுவரிலிருந்து உன் கரி ஓடுகளைப் பெயர்த்து, நாங்கள் டங்ஸ்டன் உலோக ஓடுகளைப் பதித்த அன்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாய். "சுவத்துலேர்ந்து ஒரே ஒரு துணுக்கு உள்ள விழட்டும், நெருப்பு குளுந்து செத்துரும். சாகலைன்னா என் மீசைய எடுத்துர்றேன்டா!" என்று பந்தயம் வேறு.

இன்று மதியம் அப்படி ஒரு துணுக்கு விழுந்தது. உலைக்குள் எரியும் பிளாஸ்மா நெருப்பு மங்குவதைத் திரையில் எல்லோரும் பார்த்தோம்.

"போச்சு, பெரிசு சொன்னது பலிச்சிருச்சு!" என்று கத்தினாள், உலையை இயக்கிக்கொண்டிருந்த சொலேன்.

எனக்கோ நீ தினமும் திட்டுவது காதில் கேட்டது: "ஓரத்தையே தடவாதீங்கடா, நடுவயித்துல சூட்டை ஏத்துங்க!"

அதையே அவளிடம் சொன்னேன். ஏற்றினாள். நெருப்பு தள்ளாடியது, பிறகு நிமிர்ந்து நின்று எரிந்தது. ஆக, உன்னைத் தோற்கடித்தது உன் வசவுதான்.

சொலேன் சவரக்கத்தி வாங்கி வந்துவிட்டாள். நான் அதை ஒளித்து வைத்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு நீ போய் உட்கார்ந்திருக்கும் உன் ஆலிவ் தோப்பு எங்கும் ஓடிவிடாது. ஞாயிறன்று துரான்ஸ் ஆற்றைத் தாண்டி வா, உனக்குப் பிடித்த பஸ்தீஸ் மதுவை ஊற்றி வைக்கிறேன். மறுநாள் இருவரும் வேலைக்குப் போகலாம்.

மீசையோடு வா. அது இல்லாவிட்டால் உன் நாற்காலிக்கு உன்னை அடையாளம் தெரியாது.

இப்படிக்கு,
நீ சாத்திய கதவைத் திறந்தே வைத்திருப்பவன்