எங்கள் ராஜாவும் சரித்திர வாத்தியாரும்

13-7-67, வியாழன்

எங்கள் செஞ்சிக் கோட்டையை ஆண்ட ராஜா வீம்புக்குச் சண்டைக்குப் போய் உயிரை விட்டவர், அதில் வீரம் ஒன்றும் இல்லை என்று சரித்திர வாத்தியார் நேற்று வகுப்பில் சொன்னார். அதிலிருந்து காலேஜே கொதிக்கிறது.

இன்று சாயங்காலம் என் வகுப்புத் தோழன் முருகேசன் கடைவீதியில் எங்கள் நைனாவின் மளிகைக்கடைக்கே வந்துவிட்டான். வாத்தியாரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி பிரின்சிபாலுக்கு மனுவாம். நான் செஞ்சிக்காரன் என்பதால் முதல் கையெழுத்து நான்தான் போட வேண்டுமாம்.

"தெக்கத்தி ஆளுடா அவரு. நம்ம பக்கம்னாலே எளக்காரம்."

"நான் போட மாட்டேன்."

"இன்னாடா இது? நேத்து கிளாஸ்ல எழுந்து அவரோட மல்லுக்கு நின்னதே நீதானடா?"

"ஆமா. மணி அடிக்கிற வரைக்கும் நிக்க வுட்டாரு. வேற எந்த வாத்தியாரு வுடுவாரு?"

முருகேசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாளைக்கு காலேஜ் போகிற பஸ்ஸில் என்னோடு யாரும் பேச மாட்டார்கள். இருக்கட்டும்.

அதற்காக ராஜாவை நான் விட்டுக்கொடுத்துவிடவில்லை. வாத்தியார் சொன்னது தப்புதான். நாளைக்கும் எழுந்து அதை அவர் முகத்துக்கு நேரே சொல்வேன்.

அதற்கு அவர் அங்கே இருக்க வேண்டும்.