ஹவாயா, பிரான்ஸா, ஜப்பானா

பள்ளிபாளையம்
23-2-1986

அன்பு மகள் தெய்வானைக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அர்த்தநாரீசுவரர் துணையில் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்களா என்று தாளை எடுத்த உடனே கேட்டுக்கொள்கிறேன். உன் டிசம்பர் மாதக் கடிதத்துக்கு இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுகிறேனே என்று கோபப்படாதே கண்ணு. நீ கேட்டிருந்த கேள்விக்கு உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நாள் ஆகிவிட்டது. நாச்சிமுத்து மாமா மகளுக்குப் பங்குனியில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, மாப்பிள்ளைக்கு எடப்பாடியில் எட்டுத் தறி ஓடுகிறதாம், பையன் அதிகம் பேசாத பையன். அப்பா பேப்பர் மில்லில் இருந்து ஓய்வு வாங்கி ஐந்து மாதம் ஆகியும் இன்னும் முதல் சங்குக்கு எழுந்து குளித்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறார். எனக்கு இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது, அதே பன்னிரண்டு ஊர், அதே சைக்கிள், தடுப்பூசிப் பெட்டி மட்டும் புதிதாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன அக்டோபரில் நீ ஹவாய் தீவுக்குப் போய், கடலில் இரண்டரை மைல் நீந்தி, அதே ஈரத்தோடு நூற்றுப் பன்னிரண்டு மைல் சைக்கிள் ஓட்டி, அதற்கு மேல் இருபத்தாறு மைல் ஓட வேண்டிய போட்டியில், இருபத்திரண்டாவது மைலில் நேரம் முடிந்துவிட்டது என்று வேனில் ஏற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். வேனில் ஏறும்போது அழவில்லை, வேன் அந்த முடிவுக் கோட்டைத் தாண்டிப் போனபோதுதான் அழுதேன் என்று நீ எழுதியிருந்ததை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை, அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிப் படித்தேன், அவர் பிறகு தானாக எடுத்துப் படித்துக்கொண்டார் என்று தெரியும். இனி அந்தத் தீவுப் பக்கமே போக மாட்டேன், வேறு ஏதாவது ஒன்றை முடித்துவிட்டு இதை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன், பிரான்ஸில் ஒன்று இருக்கிறது, ஜப்பானில் போன வருஷம் ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள், எது எனக்கு ஆகும் என்று நீங்கள் இரண்டு பேரும் யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிற பெண், சுற்றிலும் இதே போட்டிக்குப் போகிறவர்கள் இருக்கும்போது, பள்ளிபாளையத்துக்கு எழுதிக் கேட்கிறாள் என்றால் அவள் மனசு எவ்வளவு உடைந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அப்பா இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு, நீ எழுதியிருந்ததைப் பார்த்துத் தண்ணீர், சாலை, வெயில், தூரம் என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹவாய் என்ற கட்டத்தில் கடல், அனல், ஆடிக்காற்று மாதிரி எதிர்க்காற்று என்று எழுதினார். ஜப்பானுக்கு ஏரித் தண்ணீர், அலை இல்லை, தூரம் ஹவாய் அளவே என்று எழுதினார். பிரான்ஸுக்குக் கடல், மலைச்சாலை, ஆனால் சைக்கிளும் ஓட்டமும் இரண்டுமே தூரம் குறைச்சல் என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டார். “ஏம்புள்ள, இதுல யோசிக்கறதுக்கு என்ன கெடக்குது, தூரம் கம்மியா இருக்கற ஊருக்கே போகச் சொல்லி எழுதிப்போடு” என்றார். நான், “கடல்னாலே எனக்குப் பயமுங்க, ஏரின்னாப் பரவால்லீங்க, ஜப்பானுக்கே போகட்டுமுங்க” என்றேன். நீ நீச்சல் பழகின நாச்சிமுத்து மாமா தோட்டத்துக் கிணற்றில் குறுக்கே எத்தனை தடவை போனால் உன் நீச்சல் தூரம் ஆகும் என்று கணக்குப் போட்டு நானூற்றுப் பதினைந்து தடவை என்று அப்பா அந்தத் தாளிலேயே எழுதிவைத்தார். இப்படியே பத்து நாள் அவர் பிரான்ஸ், நான் ஜப்பான். ஒரு நாள் ஊசி போடப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, முப்பது வருஷமாகச் சைக்கிளில்தான் என் பிழைப்பு, ஆனாலும் நூற்றுப் பன்னிரண்டு மைல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, தெரியாமல் நான் என்ன புத்தி சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், அந்தத் தூரத்தை நான் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். “அம்பத்தேழு வயசுல உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது” என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டுவிட்டு மறுநாளே டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு போய் மீட்டர் பார்த்து அளந்துவிட்டு வந்தார். இங்கிருந்து சங்ககிரி, சேலம் கொண்டலாம்பட்டி, மல்லூர், ஆண்டகளூர்கேட், நாமக்கல், அங்கிருந்து வேலகவுண்டம்பட்டி வழியாகத் திருச்செங்கோடு, திரும்ப நம் வீடு, ஆகமொத்தம் நூற்று எழுபத்தொரு கிலோமீட்டர். இன்னும் ஒன்பது வேண்டும், அதற்குக் காவிரிப் பாலம் தாண்டி ஈரோடு பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினால் சரியாகிவிடும் என்றார். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி பத்தொன்பது, விடியக்கருக்கலில் கிளம்பினேன். அப்பா பின்னாலேயே வண்டியில், ஒரு பெரிய தூக்கில் தண்ணீரும் மடியில் ஒரு கட்டு இட்லியும் வைத்துக்கொண்டு வந்தார். கொண்டலாம்பட்டி வரை எனக்கு இருபது வயது மாதிரி இருந்தது கண்ணு, பொய் சொல்லவில்லை. மல்லூர் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடித்தேன், குடிக்கக் குடிக்கத் தாகம்தான் அதிகமாகிறது, இட்லியைப் பார்த்தாலே குமட்டுகிறது. நாமக்கல்லில் மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்த்தபோது கோட்டை இரண்டாகத் தெரிந்தது.

வேலகவுண்டம்பட்டியில் மாரக்காள் என்று ஒரு அம்மாள் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறாள், முன்பு ஒரு தடுப்பூசி முகாமில் என்னைப் பார்த்திருக்கிறாள். அவள் கடை பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்காரலாம் என்று இறங்கினேன், இறங்கியதும் தொடையில் நரம்பு சுருட்டிப் பிடித்துக்கொண்டது, குடித்த தண்ணீர் முழுவதும் வாந்தியாக வந்துவிட்டது. மாரக்காள் ஓடிவந்து பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க நர்ஸம்மா, மூஞ்சி பூராம் உப்புப் பூத்துக் கெடக்குதுங்க, கழுவிக்கிட்டு வாங்க” என்றாள். தடவிப் பார்த்தேன், நெற்றி, கன்னம், ஜாக்கெட் கை எல்லாம் வெள்ளை வெள்ளையாக நறநறவென்று இருந்தது. அரைமணி நேரம் கழித்து எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. அப்பா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, “போதுஞ் சாமி, ஊட்டுக்குப் போலாம்” என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அந்த வழியாக வந்த கோழித்தீவன லாரியை நிறுத்திச் சைக்கிளைப் பின்னால் ஏற்றி என்னை முன்னால் ஏற்றிவிட்டார். டிரைவர் பையன், யாருக்காவது அவசரமாகப் பிரசவமா என்று கேட்டான். இல்லை சாமி என்று மட்டும் சொன்னேன், சைக்கிள் ஓட்ட முடியாமல் லாரியில் ஏறிப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ வேனில் இருந்து எப்படிப் பார்த்திருப்பாய் என்று அந்த லாரி ஜன்னலில்தான் தெரிந்துகொண்டேன். இன்னும் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. அன்றைக்கு ராத்திரியே உனக்கு எழுதியிருந்தால், எந்த ஊருக்கும் போகாதே, இதெல்லாம் நமக்கு வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். நல்லவேளை, பேனா பிடிக்கக் கையில் தெம்பு இல்லை.

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் புதன்கிழமை வேலைக்குப் போனேன். ஒரு ஊரில் சின்னான் என்பவரின் பேத்திக்கு வாந்திபேதி, குழந்தை கண் உள்ளே போய் வதங்கிக் கிடந்தது. ராத்திரி பூராவும் தண்ணீர்தான் கொடுத்தோம், கொடுக்கக் கொடுக்க வாந்தி எடுக்கிறாள் என்று அவள் அம்மா அழுதாள். வெறும் தண்ணீர் கொடுத்தால் எப்படியம்மா நிற்கும், உப்பும் சர்க்கரையும் சேர்த்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டாமா என்று நான் அவளை அதட்டிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டினேன், கொட்டின கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனையோ வருஷமாக ஊர் ஊராகப் போய் நான் சொல்லுகிற வார்த்தை அது. என் முகத்தில் பூத்திருந்தது என் உடம்பில் இருந்து போன உப்பு, அதற்குப் பதிலாக நான் ஊற்றிக்கொண்டது வெறும் தண்ணீர். குழந்தை சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது. நான் வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். சைக்கிள் முடியும்போதே தலை சுற்றியது, வழியில் கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்தேன், பதினைந்தாவது மைலில் வாந்தி, அதன் பிறகு நடக்கத்தான் முடிந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். நர்ஸ் வேலை பார்க்கிற அம்மாவும் நர்ஸ் வேலை பார்க்கிற மகளும் இதைப் படித்தும் எழுதியும் இரண்டு பேருக்கும் புத்தியில் ஏறவில்லை பார்.

அப்பாவிடம் இன்னொரு தடவை போகிறேன் என்றேன். இந்தத் தடவை அவர் சத்தம் போடவில்லை, “தூக்கு ரெண்டா எடுத்துக்கலாமா” என்று மட்டும் கேட்டார். மூன்று வாரத்துக்கு மேல் தினமும் என் ஊர்களைச் சுற்றி முடித்த பிறகு சங்ககிரி ரோட்டில் கொஞ்சம் கூடுதலாக ஓட்டிப் பழகினேன். போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். சங்ககிரி தாண்டுவதற்கு முன்பே தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் நாலு மடக்கு, அப்புறம் அரைமணிக்கு ஒரு தடவை அதே மாதிரி, இட்லிக்குப் பதில் வாழைப்பழம். ஆண்டகளூர்கேட்டில் டியூப் பஞ்சராகி முக்கால் மணி நேரம் போனது, அங்கே ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிப் பட்டறையில் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே ஒட்டிக் கொடுத்தார். மாரக்காள் கடை வரும்போது மறுபடியும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேனோ என்று பயம். அவள் வெளியே வந்து என்னை அடையாளம் கண்டு, “நர்ஸம்மா, எறங்காதீங்க, எறங்காதீங்க, அப்பிடியே போங்க” என்று கையை வீசிக்கொண்டே ரோட்டில் கொஞ்ச தூரம் கூட ஓடி வந்தாள். நான் இறங்கவில்லை கண்ணு. திருச்செங்கோட்டில் மலை விளக்குப் போட்டுவிட்டார்கள். நம் வீட்டு வாசலுக்கு வந்தபோது மீட்டரில் நூற்று எழுபத்தொன்று. அப்பா வண்டியை நிறுத்தி, “ஊடு வந்துருச்சு புள்ள, ஆருக்கு என்ன தெரியப்போகுது, எறங்கு” என்றார். “இன்னும் ஒம்பது இருக்குதுங்க” என்றேன். அவர் வண்டியை எனக்கு முன்னால் விட்டு, லைட்டைப் போட்டுக்கொண்டு பாலத்தின்மேல் மெதுவாகப் போனார், அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே நான் ஈரோடு போய்த் திரும்பி வந்தேன். இறங்கும்போது கால் இரண்டும் என்னுடையது மாதிரி இல்லை, ஆனால் வாந்தி இல்லை, தலைச்சுற்றல் இல்லை, நல்ல பசி. பழைய சோறு இரண்டு கும்பா சாப்பிட்டேன்.

அதனால் என் பதில் இதுதான். நீ ஹவாய்க்கே போ. ஊரை மாற்றலாம் என்று நினைத்ததே நாம் தோற்றதற்கு ஊர்தான் காரணம் என்று எண்ணிக்கொண்டதால்தான். ஆண்டவன் சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஓட்டினது மூன்றில் ஒன்று மட்டும், கடலும் தெரியாது, ஓட்டமும் தெரியாது, முடித்துவிடுவாய் என்று உறுதி சொல்ல என்னால் ஆகாது. ஆனால் மாரக்காள் கடையைத் தாண்டினபோது எனக்கு இருந்த சந்தோஷம் வேறு எந்த ரோட்டில் போயிருந்தாலும் கிடைத்திருக்காது. உனக்கு அந்த இருபத்திரண்டாவது மைல் அங்கேதான் இருக்கிறது. ஹவாய்க்குக் குலுக்கிப் போட்டு ஆள் எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், அதில் பெயர் வராவிட்டால் ஜப்பான் ஏரிக்குப் போய்விட்டு அடுத்த வருஷம் மறுபடி ஹவாய்க்கு எழுது. பிரான்ஸ் மலையைப் பார்க்க ஆசை இருந்தால் பிரான்ஸுக்கும் போ, தூரம் குறைச்சல் என்பதற்காகப் போகாதே. அப்பா இன்னமும் பிரான்ஸ் என்றுதான் சொல்கிறார், அதையும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

உப்பு விஷயத்தை நான் சொன்னேன் என்று அப்படியே செய்துவிடாதே, உன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் எவ்வளவு, எப்போது என்று கேட்டு, பழகும் நாளிலேயே குடித்துப் பழகு. ரத்தத்தில் இரும்பு குறைவு என்று முன்பு எழுதினாயே, அதை மறுபடி சோதித்துப் பார். வாரத்தில் ஒரு நாளாவது மாப்பிள்ளையோடு வீட்டில் சும்மா உட்கார்ந்திரு, அவரும் பாவம், உன் துணிகளை எத்தனை நாள் துவைப்பார். மாமா மகள் கல்யாணத்துக்கு வர முடியாது என்று தெரியும், ஒரு வாழ்த்து மட்டும் அனுப்பு. உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல், இறங்குகிற தண்ணீரும் போகிற சாலையும் உனக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு, நானும் அப்பாவும் உங்கள் இருவரையும் மனதார வாழ்த்துகிறோம். மார்ச்சு மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய், இது உன் கைக்கு வரவே பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிடும். இதற்குப் பதில் எழுத உட்காராதே சாமி, முதலில் அந்த விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. சென்னியம்மாள்