சிக் ரூமில் சாவிக்கொத்து

செவ்வாய், இரவு

மீனாவுக்கு வலிப்பு உண்டென்று பள்ளியில் சேர்த்த அன்றே சொல்லிவிட்டேன். சிக் ரூம் சிஸ்டர் என்ன படித்திருக்கிறார், வலிப்புக்குப் பயிற்சி உண்டா என்றுதான் இன்று ஆபீஸில் கேட்டேன். "ஸ்டாஃப் விவரமெல்லாம் பேரண்ட்ஸுக்குக் குடுக்கறதில்ல மேடம். நல்லா பாத்துப்பாங்க" என்றார் கிளார்க், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். சிக் ரூமில் நான் கொடுத்து வைத்திருப்பது வலிப்பு மருந்து; கபாலி கோயில் குங்குமப் பொட்டலமா, யார் கையில் இருந்தால் என்ன என்று விட?

நேரே சிக் ரூமுக்கே போனேன். மீனாவின் அம்மா என்றதும், வெள்ளைக் கோட்டில் இருந்த பெண் அன்பாகத்தான் எழுந்து நின்றார்.

"பயப்படாதீங்கம்மா. ஃபிட்ஸ் வந்தா இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியும். எங்க ஏரியாவுல எத்தினி பேருக்குப் பாத்திருக்கேன்."

மேசை டிராயரைத் திறந்து ஓர் இரும்புச் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். "இத்த கையில குடுத்தா நின்னுடும்."

அது கிடந்த இடத்தில், மூக்கில் அடிக்க நான் ஜூனில் கொடுத்த ஸ்ப்ரே, பெட்டிகூடப் பிரிக்காமல் இருந்தது.

"இதை எப்படிப் போடணும்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லம்மா. பத்திரமா வெச்சிக்கச் சொன்னாங்க."

பெட்டியைப் பிரித்து அடிக்கும் விதத்தைக் காட்டினேன்.

பிரின்சிபாலுக்கு மெயில் போடலாம் என்கிறார் வீட்டுக்காரர். போடலாம். பதில் வரும்வரை வலிப்பு வராமலிருக்க வேண்டுமே. மீனா யூனிஃபார்மை எடுத்து வைத்துவிட்டுத் தூங்குகிறாள். காலை ஏழரைக்கு வேன் வந்துவிடும்.