மணிச் சத்தத்தில் முடிகிற படம்

அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் விஷயத்துக்கே வரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா அம்மாவுக்கு உன் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டேன். உன்னவரையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று என் பதிலுக்காக டிக்கெட் எடுக்காமல் காத்திருக்கிறாய். ஆனால் ஒரு வார்த்தையில் சொல்கிற மாதிரி இங்கே எதுவும் நடக்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

போன தடவை நீ உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போய்விட்டார். இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாதென்று முன்னாலேயே சொன்னேன்: "அண்ணா எடுத்த குறும்படம். பத்து நிமிஷம்தான். ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிற கதை." அப்பா பேப்பரை மடித்தார். "பத்து நிமிஷத்துல நான் ஒரு தூக்கமே போட்டுடுவேன்" என்று வாசல் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆனால் அறைக் கதவைச் சாத்தவில்லை.

அம்மா இஸ்திரி போட்டபடியே பார்த்தாள். படத்தில் இருவரும் யார் பாத்திரம் தேய்ப்பது என்று சண்டை போடும் இடத்தில் சிரித்தாள். "சுருட்டை நல்லாத்தான் நடிக்கிறான்" என்றாள். வீடியோ காலில் உனக்குப் பின்னால் நடமாடும் அறைத்தோழன் என்றுதானே அவளுக்கு உன்னவரைத் தெரியும்! பிறகு கண்ணாடி முன்னால் கூட நடிப்பவர் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டு, பின்கழுத்தில் முத்தம் கொடுக்கும் காட்சி. நான் இஸ்திரிப் பெட்டியில் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"அது உன் அண்ணன் சட்டை" என்றாள் அம்மா.

படத்துக்காகக் கொடுத்திருப்பான் என்றேன்.

"காலரைப் பிரிச்சுத் திருப்பித் தச்சது நான். இத வெளிய போட்டுட்டுப் போகாதடா, வீட்டுல மட்டும் போட்டுக்கோன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

துணிக்கடையில் நாள் முழுக்கப் பிரித்துத் தைக்கிறவள் தன் தையலை மறப்பாளா? இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரு துண்டு கருகியது.

கடைசிக் காட்சி வந்தது. இரண்டு பேரும் பெட்டியோடு ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார்கள். அவர் தலைமுடியை அமுக்கிக்கொள்கிறார். திரை இருட்டாகிறது. மணிச் சத்தம் மட்டும் கேட்கிறது. நம் வீட்டு மணியையே பதிவு செய்து போட்டிருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. தவளைக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி வேறு எந்த வீட்டு மணி அடிக்கும்?

இரண்டாம் முறை அடித்தபோது வாசல் அறையில் கட்டில் கிரீச்சிட்டது. லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, எந்த மணி அடித்தாலும் எழுந்துவிடுவார். "வரேன், வரேன்" என்று குரல். தாழ்ப்பாள் சத்தம். அப்பா போய் வாசல் கதவைத் திறந்துவிட்டார், அண்ணா. "யாருப்பா?" என்று படிக்கட்டைப் பார்த்துக் கேட்டார்.

"படத்துலங்க, படத்துலதான் அடிச்சுது" என்று அம்மா கத்தினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பனியனுக்கு மேல் அவசரமாகச் சட்டை மாட்டியிருந்தார். பொத்தான்கள் மாறிப் போயிருந்தன. கதவைச் சாத்தாமல் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு மணி அடிச்சது?"

"மகன்ப்பா. கூட அவரும்."

"தெறந்தாங்களா?"

"தெரியாதுப்பா. அதோட படம் முடிஞ்சுடுது."

உள்ளேயிருந்து அம்மா, "இதென்ன படம்! உள்ள இருக்கிறவங்க என்ன செவிடா?" என்றாள். "உம் புள்ள எதைத்தான் முழுசா முடிச்சிருக்கான்?" என்று அப்பா முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். திறந்த முடிவுதான் உயர்ந்த கலை என்று உனக்கு முன்பு எழுதினேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காருவதில்லை. பெரியம்மா உனக்குப் பெண் பார்த்திருப்பதாகப் போன் செய்தபோது, "அவன் வரட்டும்க்கா" என்று அம்மா வைத்துவிட்டாள். அப்புறம் குளியலறையில் வெகுநேரம் குழாய் ஓடியது. அப்பா உன் பேச்சையே எடுப்பதில்லை. ஆனால் நேற்று மணியைக் கழற்றிக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தார். கெட்டுப்போச்சா என்று கேட்டேன். "கேக்குது. உள்ள வரைக்கும் பலமாக் கேக்கல" என்றார். சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. கோபம் வந்தாலும் அவர் எதையாவது கழற்றிப் பூட்டுகிறவர்தானே.

நீ அனுப்பிய மற்றக் குறும்படங்களையும் பார்த்தேன். ஆண்கள் காதலித்தால் கடைசியில் ஒருவர் பெட்டியோடு போயே ஆகவேண்டுமா? நீங்கள் பெட்டியோடு வாருங்கள். என்ன நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் வாருங்கள்.

உன்னிடம் சாவி இருக்கிறது, அதை எடுக்காதே. மணியை அடி. ஒருமுறை அடித்துத் திறக்காவிட்டால் திரும்பிப் போய்விடாதே, இன்னொரு முறை அடி. எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் திறக்க நான் எழுந்து வரமாட்டேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாவது உட்கார்ந்திருப்பேன்.

நீ நலமா? அவரும் நலமா? இரண்டு பேரும் நன்றாக இருக்கவேண்டும்.

உன்
புத்தகப்புழு

பின்குறிப்பு: அந்தக் காலர் இனி ரொம்ப நாள் தாங்காதாம். சட்டையைக் கொண்டுவரச் சொன்னாள் அம்மா. யார் கொண்டுவரவேண்டும் என்று சொல்லவில்லை.