அவன் முனகிய ஜெபம்

8.3.1974, வெள்ளி இரவு.

யூதனான நான் ஓய்வுநாள் இரவில் எழுதக் கூடாது. எழுதாமல் கை அடங்கவில்லை.

காலையில் துறைமுகத்தில் கப்பல் அதிகாரி ஒருவன் கழுத்தில் ஆறுமுனை நட்சத்திரம் பார்த்தேன். நம்மாள் என்று ஓடிப்போய் "ஷாலோம்" என்று வணக்கம் சொன்னேன். அந்த வெள்ளைக்காரன் ஏற இறங்கப் பார்த்தான். "கறுப்பனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று சிரித்தான். கொச்சியில் கறுப்பு யூதன் என்று என் தாத்தாவை ஜெபாலயத் தரையில் உட்காரவைத்த வெள்ளை யூதர்களும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள்.

அடித்தேன். பல் தெறித்தது. கீழே தள்ளி மிதித்தேன்.

"ஏலே, விடுலே! செத்துருவாம்லே!" என்று உடன் வேலை பார்க்கும் மீரான் இழுத்தான்.

கீழே கிடந்தவன் ரத்த வாயோடு "ஷெமா இஸ்ரயேல்" என்று முனகினான். சாகும்போது நாங்கள் சொல்லும் ஜெபம். அடுத்த வார்த்தை என் வாயில் தானாக வந்தது. சொல்லிக்கொண்டே மறுபடியும் மிதித்தேன்.